விளைந்தும் விலை இல்லை: தமிழகக் காய்கறிச் சந்தை குறித்து ஓர் ஆய்வு

2023 ஜூலையில் நாடெங்கும் தக்காளி விலை கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. சில நகரங்களில் 200ஐயும் தொட்டது. அந்த மாதம் காய்கறிகளின் சில்லறை விலை முந்தைய ஆண்டைவிட 37.34 சதவீதம் கூடியிருந்தது; நாட்டின் சில்லறைப் பணவீக்கம் 7.44 சதவீதத்துக்கு ஏறியது. அரசுகள் தாமதிக்கவில்லை. தமிழக அரசு சென்னையில் 82 நியாயவிலைக் கடைகளில் தக்காளியைக் கிலோ 60 ரூபாய்க்கு விற்றது. மத்திய அரசு கூட்டுறவு அமைப்புகள் வழியாகக் கொள்முதல் செய்து, வடமாநில நகரங்களில் மானிய விலையில் விற்றது. நேபாளத்திலிருந்தும் தக்காளி வந்தது. இரண்டு மாதம்தான் போனது. செப்டம்பரில் விளையும் இடங்களில் அதே தக்காளி கிலோ பத்து ரூபாய்க்கும் கீழே போனது. ஜூலையில் காட்டிய வேகத்தில் பாதியைக்கூட அரசுகள் அப்போது காட்டவில்லை.

ஒரே ஆண்டில் நடந்த இந்த இரண்டு காட்சிகளுக்குள் காய்கறி விவசாயத்தின் முழுச் சிக்கலும் அடங்கியிருக்கிறது. விலை ஏறினால் அது நாட்டின் பிரச்சினை. இறங்கினால் அது விவசாயியின் சொந்தப் பிரச்சினை. இந்த ஏற்ற இறக்கம் எங்கிருந்து வருகிறது, பறித்த காய் சமையலறைக்குப் போகும் வழியில் பணம் எங்கே தங்குகிறது, இதுவரை எடுத்த முயற்சிகள் ஏன் போதவில்லை, இனிச் செய்ய வேண்டியது என்ன என்பவற்றை இந்தக் கட்டுரை ஆராய்கிறது. இதன் வாதம் ஒன்றுதான். வானிலையையும் தரகரையும் குறை சொல்லி மட்டும் இந்தச் சிக்கலை விளக்க முடியாது. விதைக்கும் நாளில் விவசாயிக்குச் சந்தையைப் பற்றிய தகவல் இல்லை. பறிக்கும் நாளில் காத்திருக்கும் வசதி இல்லை. இந்த இரண்டையும் தரக்கூடிய நிறுவனங்களைக் காய்கறிக்கு நாம் உருவாக்கவில்லை.

விலை ஏன் இப்படி ஆடுகிறது?

முதல் காரணம் நம் தட்டிலேயே இருக்கிறது. வாரத்துக்கு இரண்டு கிலோ தக்காளி வாங்கும் குடும்பம், விலை பாதியானால் நான்கு கிலோ வாங்கிவிடாது. விலை இரட்டிப்பானாலும் ரசத்துக்கும் குழம்புக்கும் கொஞ்சமாவது வாங்கியே தீரும். தேவை இவ்வளவு இறுக்கமாக இருக்கும்போது, வரத்தில் ஏற்படும் சிறிய மாற்றமும் விலையில் பெரிய மாற்றமாக வெளிப்படும். 17ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இங்கிலாந்தின் கிரிகரி கிங் பெயரில் தானிய விளைச்சல் பற்றிய ஒரு கணக்கு வெளிவந்தது. விளைச்சல் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் விலை பத்தில் மூன்று பங்கு கூடும் என்றது அது. சேமித்து வைக்கக்கூடிய தானியத்துக்கே அந்த நிலை என்றால், இரண்டு மூன்று நாளில் அழுகத் தொடங்கும் தக்காளிக்கு என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது காரணம் காலம். விவசாயி இன்றைய விலையைப் பார்த்து விதைக்கிறார். மூன்று மாதம் கழித்து வரும் விலைக்கு விற்கிறார். இன்று தக்காளி 80 ரூபாய் என்றால் கிருஷ்ணகிரியிலும் தருமபுரியிலும் உடுமலையிலும் ஒட்டன்சத்திரத்திலும் ஆயிரக்கணக்கானோர் ஒரே வாரத்தில் நாற்று நடுகிறார்கள். ஒவ்வொருவர் முடிவும் தனித்தனியே பார்த்தால் நியாயமானது. எல்லோரும் அதே முடிவை எடுத்ததால், காய் சந்தைக்கு வரும் நாளில் விலை சரிகிறது. நொந்துபோனவர்கள் அடுத்த பட்டத்தில் தக்காளியைத் தொடுவதில்லை. வரத்து குறைந்து விலை மறுபடி ஏறுகிறது. இந்தச் சுழற்சியைப் பொருளியலாளர் நிக்கோலஸ் கால்டோர் 1934இல் சிலந்தி வலைக் கோட்பாடு என்று பெயரிட்டு விளக்கினார். மொர்டெகாய் எசெக்கியேல் 1938இல் அதை விரிவாக ஆராய்ந்தார். இது விவசாயியின் அறியாமையால் வருவதல்ல. பக்கத்துத் தாலுகாவில் எத்தனை ஏக்கர் நடப்படுகிறது என்பதை அறிய அவருக்கு வழியே இல்லாததால் வருவது.

மூன்றாவது காரணம் பருவம். ஆடிப்பட்டம் தேடி விதை என்ற மூதுரை மண்ணின் ஈரத்தை வைத்துச் சொன்னது. மழையை நம்பிய நிலத்தில் அது இன்றும் உண்மை. ஆனால் எல்லோரும் ஒரே பட்டத்தில் விதைத்தால் எல்லோருடைய காயும் ஒரே நாளில் சந்தைக்கு வரும். வடகிழக்குப் பருவமழை ஐப்பசி, கார்த்திகையில் வலுத்தால் செடியிலேயே தக்காளி அழுகி, விலை ஏறும். தை, மாசியில் வரத்து பெருகி இறங்கும். தேவையும் நாட்காட்டியோடு நகர்கிறது. புரட்டாசியில் அசைவத்தைத் தவிர்க்கும் வீடுகளால் காய்கறித் தேவை கூடும். ஓணத்துக்கும் சபரிமலை சீசனுக்கும் கேரள வியாபாரிகள் அதிகம் வாங்குவார்கள். முகூர்த்த மாதங்களில் சின்ன வெங்காயமும் முருங்கையும் கேட்கும் விலைக்குப் போகும். இவை எல்லாம் முன்கூட்டியே தெரிந்தவை. ஆனாலும் இவற்றை மனதில் வைத்துச் சாகுபடியைப் பிரித்துத் திட்டமிடும் வேலை, இறவைப் பாசனமும் கையில் கொஞ்சம் பணமும் உள்ள சிலருக்கு மட்டுமே சாத்தியமாகிறது.

நான்காவது காரணம் நிலத்தின் அளவு. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் ஒரு நிலக் கைப்பற்றின் சராசரி அளவு 0.75 ஹெக்டேர், ஏறத்தாழ 1.85 ஏக்கர். பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டவை சிறு, குறு நிலங்கள். ஒரு ஏக்கர்க்காரர் கொண்டுவரும் இருபது பெட்டி தக்காளி சந்தை விலையை அசைக்காது. சந்தையின் ஒவ்வொரு அசைவும் அவரை அசைத்துவிடும்.

ஒவ்வொரு பயிருக்கும் ஒவ்வொரு கணக்கு

'காய்கறி' என்று ஒரே சொல்லில் அடக்கித் திட்டம் போடுவது பல முயற்சிகள் தவறியதற்கு ஒரு காரணம். பயிருக்குப் பயிர் ஆபத்து வேறு.

தக்காளியின் ஆபத்து அதன் வேகம். நட்ட இரண்டு, இரண்டரை மாதத்தில் காய்ப்புக்கு வந்துவிடும். பிறகு ஒரு மாதத்துக்கும் மேல் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை பறித்தே ஆக வேண்டும். விலை இல்லை என்று செடியிலேயே விட முடியாது. அடுத்த காய்ப்பு கெடும், பூச்சி பெருகும். தமிழகத் தக்காளியின் விலையை நிர்ணயிப்பது தமிழகத்து விளைச்சல் மட்டுமல்ல. ஆந்திரத்தின் மதனப்பள்ளியிலிருந்தும் கர்நாடகத்தின் கோலாரிலிருந்தும் கோயம்பேட்டுக்கு எத்தனை லாரி வருகிறது என்பதைப் பொறுத்தே ராயக்கோட்டையிலும் பாலக்கோட்டிலும் ஒரு பெட்டியின் விலை அமைகிறது.

சின்ன வெங்காயத்தின் ஆபத்து விதையில் தொடங்குகிறது. பெரும்பாலும் வெங்காயத்தையே விதையாக ஊன்றுகிறார்கள். ஏக்கருக்கு 400 முதல் 600 கிலோ வரை விதை வெங்காயம் வேண்டும். விலை உச்சத்தில் இருக்கும்போதுதான் எல்லோருக்கும் நடும் ஆசை வருகிறது. அப்போது விதை வெங்காயத்தின் விலையும் உச்சத்தில்தான் இருக்கும். விலை ஏறியபோது நட்டவர், இரண்டரை மாதம் கழித்து விலை இறங்கியபோது விற்றால், வாங்கியதிலும் நட்டம், விற்றதிலும் நட்டம். ஆனால் இந்தப் பயிருக்கு ஒரு பலமும் உண்டு. பெரம்பலூர், திருப்பூர், திண்டுக்கல் பக்கங்களில் விவசாயிகள் காற்றோட்டமான பட்டறை போட்டுச் சில மாதங்கள் வெங்காயத்தை வைத்து விற்கிறார்கள். குளிர்பதனமோ மின்சாரமோ இன்றி, விவசாயி காத்திருக்கக் கற்றுக்கொண்ட முறை அது. பட்டறை போட முடிந்தவருக்கும், கடனுக்காக அறுத்த மறுநாளே விற்க வேண்டியவருக்கும் கிடைக்கும் விலையில் உள்ள இடைவெளியே, காத்திருக்கும் வசதி என்ன மதிப்புடையது என்பதற்குச் சான்று.

முருங்கையில் பருவ வேறுபாடு மற்ற எதையும்விடக் கூர்மையானது. பனிக்காலத்தில் பூ உதிர்ந்து காய் அருகும்போது கிலோ நூறு ரூபாய்க்கு மேல் போகும் முருங்கை, கோடை வரத்தில் பறிகூலிக்கும் கட்டாத விலைக்கு இறங்கும். அரவக்குறிச்சி, ஒட்டன்சத்திரம் பகுதி விவசாயிகள் ஆண்டுதோறும் இதைப் பார்க்கிறார்கள். மலைக்காய்கறியில் சிக்கல் வேறு. நீலகிரியின் கேரட்டும் உருளைக்கிழங்கும் மேட்டுப்பாளையம் மண்டிகளுக்கு இறங்கி வந்துதான் ஏலம் போக வேண்டும். அங்கே கர்நாடகத்தின் கிழங்கும் குஜராத்தின் கிழங்கும் அதே நாளில் இறங்கியிருக்கும்.

பறித்த பிறகு நடப்பது

சந்தைப் பாதையைப் புரிந்துகொள்ள ஓர் உதாரணக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். 15 கிலோ கொள்ளும் ஒரு பெட்டி தக்காளி, கிலோ 5 ரூபாய் வீதம் 75 ரூபாய்க்கு ஏலம் போகிறது என்று வைத்துக்கொள்வோம். பத்து சதவீதக் கமிஷன் என்றால் ஏழரை ரூபாய். பறிகூலி 20, வண்டி வாடகை 15, இறக்குக்கூலியும் பெட்டி வாடகையும் 5 என்று கொண்டால், மீதம் 27 ரூபாய் 50 காசு. கிலோவுக்கு இரண்டு ரூபாய்கூட இல்லை. உழவு, நாற்று, உரம், மருந்து, தண்ணீர், மூன்று மாத உழைப்பு எல்லாவற்றுக்கும் சேர்த்து அவ்வளவுதான். விலை கிலோ 3 ரூபாய்க்கு இறங்கினால் பெட்டிக்கு மிஞ்சுவது 50 காசு. தக்காளியைச் சாலையோரத்தில் கொட்டும், மாடுகளை வயலில் விடும் செய்திகளைக் கோபத்தின் வெளிப்பாடு என்று நாம் படிக்கிறோம். பெரும்பாலும் அது கணக்கின் முடிவு. பறித்தால் நட்டம் கூடும் என்ற இடத்தில் பறிப்பு நின்றுவிடுகிறது.

அதே நாளில் நகரத்துச் சில்லறைக் கடையில் அந்தத் தக்காளி 20 ரூபாய்க்குக் குறையாது. ரிசர்வ் வங்கி 2024 அக்டோபரில் வெளியிட்ட ஓர் ஆய்வு, நுகர்வோர் தரும் ஒவ்வொரு 100 ரூபாயிலும் விவசாயிக்குப் போய்ச் சேருவது தக்காளியில் சுமார் 33 ரூபாய், வெங்காயத்தில் 36, உருளைக்கிழங்கில் 37 என்று மதிப்பிட்டது. மொத்த விலை இறங்கும் வேகத்தில் சில்லறை விலை இறங்குவதும் இல்லை. அதனால் விலை சரிந்த நாளின் பலன் வாங்குபவருக்கும் முழுமையாகப் போவதில்லை.

இந்த இடைவெளி முழுவதையும் இடைத்தரகரின் கொள்ளை என்று சொல்லிவிடுவது எளிது. அது பாதி உண்மைதான். மண்டிக்காரர் இரவெல்லாம் விழித்துச் சரக்கை இறக்குகிறார். வாங்கியவரிடம் பணம் வசூலாகும் முன்பே பல நேரம் விவசாயிக்குப் பணம் தருகிறார். விதைக்கும் மருந்துக்கும் முன்பணம் கொடுக்கிறார். கூட்டுறவு வங்கியில் கடன் கிடைக்காத குத்தகை விவசாயிக்கு மண்டிக்காரர்தான் வங்கி. சில்லறை வியாபாரியும் அழுகல், எடைக் குறைவு, விற்காமல் போவது ஆகியவற்றைத் தாங்குகிறார். இந்த வேலைகளை யாராவது செய்தாக வேண்டும். இவை அனைத்தும் ஒரே கையில் இருப்பதுதான் சிக்கல். முன்பணம் வாங்கியவர் அந்த மண்டிக்குத்தான் காயைக் கொண்டுபோக வேண்டும். அங்கே சொல்லும் விலையைத்தான் ஏற்க வேண்டும். எடையில் கழிவு பிடித்தாலும், ஏலத்தில் போட்டி இல்லாவிட்டாலும் வாய் திறக்க முடியாது. பறித்த காயைத் திருப்பி வீட்டுக்கு எடுத்துப் போகவும் முடியாது. கடனும் அழுகலும் சேர்ந்து விவசாயியின் பேரம் பேசும் சக்தியைப் பறித்துவிடுகின்றன.

அறுவடைக்குப் பின் ஏற்படும் சேதமும் இந்தக் கணக்கில் சேர வேண்டும். இந்திய வேளாண் ஆராய்ச்சிக் குழுவின் அறுவடைப் பின்சார் தொழில்நுட்ப நிறுவனம் 2015இல் வெளியிட்ட ஆய்வு, காய்கறி, பழங்களில் பயிருக்கேற்ப 4.58 முதல் 15.88 சதவீதம் வரை வீணாவதாகக் கணக்கிட்டது. வெயிலில் பறிப்பது, கோணியில் திணிப்பது, தரம் பிரிக்காமல் கலந்து ஏற்றுவது, திறந்த லாரியில் பல மணி நேரம் பயணம் என்று ஒவ்வொரு கட்டத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது.

இதுவரை எடுத்த முயற்சிகள்

தமிழகத்தில் ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களுக்கு நீண்ட வரலாறு உண்டு. 1933ஆம் ஆண்டின் சென்னை மாகாண வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டத்தின் கீழ் முதல் கூடம் 1936இல் திருப்பூரில் தொடங்கியது. பருத்தி, நிலக்கடலை போன்ற வணிகப் பயிர்களுக்காகப் பிறந்த அமைப்பு அது. இன்றும் அதன் பலம் நெல், பருத்தி, தேங்காய்ப் பருப்பு, மஞ்சள் போன்றவற்றில்தான். காய்கறி பெரும்பாலும் நகராட்சிச் சந்தைகளிலும் தனியார் மண்டிகளிலுமே வளர்ந்தது. கேரளத்துக்குக் காய்கறி அனுப்பும் ஒட்டன்சத்திரம் காந்தி மார்க்கெட்டும், 1996இல் தொடங்கிய கோயம்பேடு வளாகமும் பெரிய அளவில் இயங்குகின்றன. ஆனால் எடை, ஏலம், பில், கமிஷன் ஆகியவற்றைக் கண்காணிக்கும் ஒழுங்கு அங்கே விவசாயியின் பக்கம் வலுவாக இல்லை.

1999 நவம்பர் 14 அன்று மதுரையில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. பஞ்சாபின் அப்னி மண்டியும் ஆந்திரத்தின் ரைது பஜாரும் அதற்கு முன்னோடிகள். அடையாள அட்டை பெற்ற விவசாயி கட்டணம் இல்லாத கடையில், அரசு தரும் தராசில், தானே விற்கலாம். மொத்த விலையைவிட விவசாயிக்குச் சுமார் 20 சதவீதம் கூடுதல், சில்லறை விலையைவிட வாங்குபவருக்குச் சுமார் 15 சதவீதம் குறைவு என்பது அதன் விலைக் கணக்கு. ஆட்சி மாற்றங்களில் தளர்ந்தும் மீண்டும் எழுந்தும், இன்று மாநிலமெங்கும் இயங்கும் இந்தச் சந்தைகள் தமிழகம் காய்கறி விவசாயிக்குச் செய்த மிக உருப்படியான காரியம் என்றே சொல்வேன். ஆனால் அதன் எல்லையையும் சொல்ல வேண்டும். கீரையும் கத்தரியும் வெண்டையும் ஐம்பது கிலோ கொண்டுவருபவருக்கு அது ஏற்றது. ஒரே நாளில் அரை டன் தக்காளி பறிப்பவர் தராசின் முன் உட்கார்ந்து அதை விற்றுத் தீர்க்க முடியாது. நகரத்துக்கு அருகில் உள்ளவருக்கு அது வரம். தொலைவில் உள்ளவருக்குப் பேருந்துப் பயணமே ஒரு நாள் கூலியைத் தின்றுவிடும்.

2016 ஏப்ரல் 14 அன்று மத்திய அரசு மின்னணு தேசிய வேளாண் சந்தையைத் தொடங்கியது. தரம் நிர்ணயித்துத் திரையில் விற்கக்கூடிய கொப்பரைக்கும் மஞ்சளுக்கும் அது பொருந்துகிறது. கையில் எடுத்துப் பார்த்து, அழுத்திப் பார்த்து, விடியலுக்குள் விற்றாக வேண்டிய தக்காளிக்கு அதே வசதி இன்னும் கைகூடவில்லை. 2018-19 மத்திய நிதிநிலை அறிக்கையில் தக்காளி, வெங்காயம், உருளைக்கிழங்குக்காக 500 கோடி ரூபாயில் 'ஆபரேஷன் கிரீன்ஸ்' திட்டம் வந்தது. 2020இல் அது எல்லாக் காய்கறி, பழங்களுக்கும் விரிந்தது. உபரி இடத்திலிருந்து பற்றாக்குறை இடத்துக்குக் கொண்டுசெல்லவும் சேமிக்கவும் பாதி மானியம் தருவது நல்ல யோசனை. ஆனால் முதலில் செலவு செய்து, பிறகு மானியம் கோரும் முறை, சிறு விவசாயியின் நிலைமையோடு ஒத்துப்போகவில்லை.

குறைந்தபட்ச ஆதரவு விலை பற்றி நாடு பல ஆண்டுகளாக விவாதிக்கிறது. மத்திய அரசு அந்த விலையை அறிவிக்கும் 22 பயிர்களில் ஒரு காய்கறிகூட இல்லை. காய்கறிக்கு இருப்பது சந்தைத் தலையீட்டுத் திட்டம் ஒன்றுதான். அதன்படி விலை முந்தைய இயல்பான பருவத்தைவிட 10 சதவீதமாவது இறங்கி, மாநில அரசு கேட்டு, மத்திய அரசு ஒப்புதல் தந்து, கொள்முதல் தொடங்க வேண்டும். 2025இல் கொள்முதல் வரம்பு விளைச்சலில் 25 சதவீதமாக உயர்த்தப்பட்டது. காயை வாங்காமல் விலை வித்தியாசத்தை நேரடியாகக் கணக்கில் போடவும் வழி செய்யப்பட்டது. இவை வரவேற்கத்தக்கவை. ஆனால் மனு தலைநகருக்குப் போய்வருவதற்குள் தக்காளிப் பருவமே முடிந்துவிடும். பயிர்க் காப்பீட்டுத் திட்டமும் மகசூல் குறைந்தால்தான் உதவும். அமோகமாக விளைந்து விலை வீழ்ந்தவருக்கு அதில் ஒரு ரூபாயும் இல்லை.

இதற்கு நேர்மாறாக, விலை ஏறும்போது அரசின் கை எவ்வளவு விரைவாக நீள்கிறது என்பதற்கு வெங்காயமே உதாரணம். 2023 ஆகஸ்டில் பெரிய வெங்காய ஏற்றுமதிக்கு 40 சதவீத வரி, டிசம்பரில் முழுத் தடை, 2024 மே மாதத்தில் குறைந்தபட்ச ஏற்றுமதி விலையோடு தளர்வு, செப்டம்பரில் வரிக் குறைப்பு, 2025 ஏப்ரலில் வரி நீக்கம் என்று இருபது மாதத்துக்குள் விதிகள் குறைந்தது ஐந்து முறை மாறின. நாசிக் விவசாயி எந்த விலையை நம்பி விதைப்பார்? நுகர்வோரைக் காப்பது அரசின் கடமை என்பதில் சந்தேகமில்லை. ஒரு பக்கம் மட்டும் செயல்படும் காப்பு, விலை ஏறும் சில வாரங்களில் விவசாயிக்குக் கிடைக்கக்கூடிய ஈட்டைப் பறித்து, இறங்கும் பல மாதங்களின் நட்டத்தை அவரிடமே விட்டுவிடுகிறது.

பால் தரும் பாடமும் அண்டை மாநிலங்களின் அனுபவமும்

அழுகும் பொருளுக்கு நிலையான விலை சாத்தியமே இல்லை என்பவர்களுக்குப் பால் பதில் சொல்கிறது. பால் தக்காளியைவிட விரைவில் கெடும். பால் உற்பத்தி செய்பவர்களும் இரண்டு மாடு வைத்திருக்கும் எளியவர்கள்தான். ஆனால் நுகர்வோர் தரும் 100 ரூபாயில் சுமார் 70 ரூபாய் பால் உற்பத்தியாளருக்குச் சேருகிறது என்பது ரிசர்வ் வங்கியின் அதே ஆய்வு வரிசை தரும் மதிப்பீடு. இந்த வேறுபாட்டுக்குக் காரணம் பொருளின் தன்மை அல்ல, அமைப்பு. ஊருக்கு ஊர் சங்கம், காலையும் மாலையும் கொள்முதல், தரம் பார்த்து விலை, மிஞ்சியதைப் பவுடரும் வெண்ணெயும் ஆக்கும் ஆலை, கடைசியில் சொந்த விற்பனையகம் என்ற ஏற்பாட்டைக் குஜராத்தில் 1946இல் தொடங்கிய ஆனந்த் சங்கம் வளர்த்தெடுத்தது. தமிழகத்தில் ஆவின் அதைப் பின்பற்றியது. காய்கறியில் வகைகள் அதிகம், தரம் பிரிப்பது கடினம், அதனால் பாலின் அமைப்பை அப்படியே பெயர்த்து வைக்க முடியாது. ஆனாலும் முயன்றவர்கள் உண்டு. பெங்களூரில் 1959இல் திராட்சை விவசாயிகளின் சங்கமாகத் தொடங்கிய ஹாப்காம்ஸ், நகரத் தெருக்களில் சொந்தக் கடைகள் நடத்துகிறது.

கேரளத்தின் அனுபவம் நமக்கு இன்னும் நெருக்கமானது. அங்குள்ள காய்கறி, பழ மேம்பாட்டுக் கவுன்சிலின் கீழ் விவசாயிகளே கிராமச் சந்தைகளை நடத்துகிறார்கள். காய் ஒரே இடத்தில் குவிகிறது. வியாபாரிகள் அங்கே வந்து கேட்கிறார்கள். ஒரு விவசாயி பத்து மண்டிக்காரர்களிடம் போகும் நிலை மாறி, பத்து வியாபாரிகள் நூறு விவசாயிகளிடம் வருகிறார்கள். 2020 நவம்பர் 1 முதல் கேரள அரசு 16 விளைபொருள்களுக்கு அடிப்படை விலை நிர்ணயித்தது. உற்பத்திச் செலவோடு 20 சதவீதம் சேர்த்துக் கணக்கிட்ட அந்த விலை மரவள்ளிக்கு 12 ரூபாய், தக்காளிக்கு 8 ரூபாய், பாகற்காய்க்கு 30 ரூபாய். சந்தை விலை அதற்குக் கீழே போனால் அந்த விலைக்குக் காயை எடுத்துக்கொண்டு விவசாயிக்குப் பணம் தருவதே திட்டம். ஹரியானா 2018இல் தக்காளி, வெங்காயம், உருளைக்கிழங்கு, காலிபிளவர் ஆகிய நான்குக்கு விலை வித்தியாச ஈட்டுத் திட்டம் கொண்டுவந்தது. மராட்டியம் 2016இல் காய்கறிக் கமிஷனை விவசாயியிடமிருந்து வாங்குபவருக்கு மாற்றியது. ஒவ்வொன்றிலும் நடைமுறைக் குறைகள் உண்டு. பதிவு செய்யாதவர் விடுபடுகிறார், பணம் தாமதமாகிறது. ஆனால் விலை வீழ்ச்சி அரசின் பொறுப்பும்கூட என்று அவை ஒப்புக்கொள்கின்றன. அந்த ஒப்புதலே பெரிய முன்னேற்றம்.

செய்ய வேண்டியவை

முதலில், விதைக்கும் முன் தகவல். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சந்தைத் தகவல் மையம் தக்காளி, கத்தரி, வெண்டை உள்ளிட்ட பயிர்களுக்கு விலை முன்னறிவிப்பு வெளியிடுகிறது. அது பயனுள்ள பணி. ஆனால் முன்னறிவிப்பு விலையோடு நின்றுவிடாமல், எவ்வளவு நடப்பட்டிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். அதற்குத் தேவையான தகவல் ஏற்கெனவே சிதறிக் கிடக்கிறது. இன்று வீரிய ரகத் தக்காளி நாற்றுகளில் பெரும்பகுதி நாற்றுப் பண்ணைகளில் குழித்தட்டுகளில் வளர்ந்து விற்கப்படுகின்றன. அந்தப் பண்ணைகளின் வாராந்திர விற்பனையைத் தொகுத்தாலே, இரண்டு மாதம் கழித்து வரப்போகும் வரத்தை மாவட்டவாரியாகச் சொல்லிவிடலாம். கிராம நிர்வாக அலுவலரின் அடங்கலில் பதிவாகும் பயிர் விவரத்தையும் அதோடு சேர்க்கலாம். கர்நாடக, ஆந்திர எல்லை மாவட்டங்களின் விவரமும் வேண்டும். மாநில எல்லை தக்காளி லாரிக்குத் தெரியாது. "இந்த வாரம் உங்கள் வட்டாரத்தில் வழக்கத்தைவிட இவ்வளவு அதிகம் நட்டிருக்கிறார்கள்" என்ற ஒரு குறுஞ்செய்தி, பல ஏக்கர் தக்காளி குப்பைக்குப் போவதைத் தடுக்கும்.

இரண்டாவது, தமிழகத்துக்கு ஓர் அடிப்படை விலைச் சட்டகம். தக்காளி, சின்ன வெங்காயம், முருங்கை, கத்தரி, மரவள்ளி, உருளைக்கிழங்கு போன்ற முக்கியப் பயிர்களுக்கு உற்பத்திச் செலவைக் கணக்கிட்டு, பருவத்துக்கு முன்பே விலை அறிவிக்க வேண்டும். சந்தை விலை அதற்குக் கீழே இறங்கினால் வித்தியாசம் பதிவு செய்த விவசாயியின் வங்கிக் கணக்கில் ஏற வேண்டும். சாகுபடி எல்லை மீறிப் பெருகாமல் இருக்க, ஏக்கர் உச்சவரம்பு வைக்கலாம். குத்தகை விவசாயிகளும் பதிவில் சேர வழி வேண்டும். இல்லையென்றால் நிலத்தில் உழைக்கும் பலரை அந்தத் திட்டம் தவறவிடும்.

மூன்றாவது, பண்ணையடியில் கூட்டுச் சந்தை. 2017-18 முதல் தமிழக அரசின் கூட்டுப்பண்ணையத் திட்டத்தில் நூறு பேர் கொண்ட உற்பத்தியாளர் குழுக்களுக்கு 5 லட்சம் ரூபாய் நிதி தரப்பட்டது. மத்திய அரசும் 2020இல் 10,000 உழவர் உற்பத்தியாளர் அமைப்புகளை உருவாக்கும் திட்டத்தைத் தொடங்கியது. இந்த அமைப்புகளில் பல, உரமும் மருந்தும் விற்பதோடு நின்றுவிடுகின்றன. காரணம், காயை வாங்கி விற்க அவற்றிடம் நடைமுறை மூலதனம் இல்லை. காய் வந்த அன்றே விவசாயிக்குப் பணம் தர முடியாத அமைப்பு மண்டியோடு போட்டியிட முடியாது. ஆகவே குறைந்த வட்டியில் சுழல் நிதியும், பயிர்க் கடன் குத்தகையாளருக்கும் கிடைக்கும் வழியும் சேர்ந்தே வர வேண்டும். மண்டியின் முன்பணத்திலிருந்து விடுபட்டவரே வேறு இடத்தில் விலை கேட்கும் உரிமை பெறுகிறார்.

நான்காவது, பயிருக்கு ஏற்ற சேமிப்பு. சின்ன வெங்காயத்துக்குப் பெரிய குளிர்பதனக் கிடங்கு தேவையில்லை. சிறு விவசாயியும் போடக்கூடிய காற்றோட்டப் பட்டறைக்கு மானியமும், பட்டறையில் உள்ள வெங்காயத்தின் பேரில் கடனும் போதும். தக்காளிக்குச் சேமிப்பைவிடக் கூழாக்கும் ஆலைகளும், அவை பருவத்தில் குறிப்பிட்ட விலைக்குக் கட்டாயம் வாங்கும் ஒப்பந்தமும் முக்கியம். திண்டுக்கல், கிருஷ்ணகிரிப் பகுதிகளில் வெள்ளரிப் பிஞ்சு சாகுபடி முன்கூட்டியே பேசிய விலையில் ஒப்பந்தத்தில் நடக்கிறது. 2019இல் ஒப்பந்தப் பண்ணையத்துக்கெனத் தனிச் சட்டம் இயற்றிய தமிழகம், அதைத் தக்காளி விவசாயிக்குப் பயன்படும்படி உயிர்ப்பிக்க வேண்டும்.

ஐந்தாவது, நிலையான வாங்குபவர். மதிய உணவுத் திட்டம், காலை உணவுத் திட்டம், அரசு விடுதிகள், மருத்துவமனைகள், சிறைகள் ஆகியவற்றுக்கு நாள்தோறும் காய்கறி தேவை. இந்தத் தேவையின் ஒரு பகுதியை அருகிலுள்ள உற்பத்தியாளர் அமைப்புகளிடமிருந்து பருவம் முழுதுக்கும் ஒரே விலையில் வாங்கலாம். வரத்து மிகும் வாரங்களில் அந்த வட்டாரத்தின் காய்க்கு உணவுப் பட்டியலில் கூடுதல் இடம் தரலாம். இதற்குப் புதிய நிதி அதிகம் வேண்டாம். வாங்கும் முறையை மாற்றினால் போதும்.

ஆறாவது, மொத்தச் சந்தைகளில் ஒழுங்கு. மின்னணு எடை, அச்சிட்ட பில், வெளிப்படையான ஏலம், அன்றைய விலைப் பலகை, கமிஷன் வாங்குபவரிடமிருந்து என்ற ஐந்தும் ஒட்டன்சத்திரம் முதல் கோயம்பேடு வரை எல்லாச் சந்தைகளிலும் கட்டாயமாக வேண்டும்.

விவசாயிகள் தரப்பிலும் செய்யக்கூடியவை உண்டு. முழு நிலத்தையும் ஒரே பயிருக்கு விடாமல் பிரிப்பது, இரண்டு வார இடைவெளியில் தவணை முறையில் நடுவது, பறித்த இடத்திலேயே தரம் பிரிப்பது, நிழலில் வைத்து ஏற்றுவது, ஊருக்கு ஒரு வண்டியாகச் சேர்ந்து கொண்டுபோவது ஆகியவை உடனே பலன் தருபவை. பக்கத்து வயல்காரர் நட்டதைப் பார்த்து நடுவதை விட, அவரிடம் கேட்டுப் பேசி நடுவது நல்லது. ஆனால் இவற்றால் மட்டும் சந்தையின் அடிப்படை மாறாது. தனி விவசாயியின் சாமர்த்தியத்தை நம்பி ஒரு மாநிலத்தின் காய்கறித் தேவையை விட்டுவைக்க முடியாது.

விவசாயி கேட்பது ஜூலை 2023இன் நூறு ரூபாய் விலையை அல்ல. அந்த விலை வந்தபோது பெரும்பாலான விவசாயிகளிடம் விற்கத் தக்காளியே இல்லை. செலவுக்கு மேல் கொஞ்சம் மிஞ்சும் விலை, பருவந்தோறும் உறுதியாகக் கிடைக்க வேண்டும் என்பதே அவர்களின் கோரிக்கை. அது கிடைத்தால் நகரத்து வீட்டுக்கும் விலை நிலையாக இருக்கும். ஏனெனில் நேற்றைய வீழ்ச்சியில் நொந்தவர் நடாமல் விட்டதுதான் நாளைய விலையேற்றம். தமிழக அரசு 2021 முதல் வேளாண்மைக்கெனத் தனி நிதிநிலை அறிக்கை வெளியிடுகிறது. அடுத்து வரும் அறிக்கையில் காய்கறிக்கு அடிப்படை விலையையும், நாற்று முதல் சந்தை வரையிலான தகவல் அமைப்பையும் அறிவிக்க வேண்டும். அவற்றுக்கான நிதியையும் ஒதுக்க வேண்டும். விலை ஏறியபோது விரைவாக நியாயவிலைக் கடையில் தக்காளி விற்க முடிந்த ஒரு நிர்வாகத்துக்கு, விலை இறங்கும்போது விவசாயியைக் காப்பதும் முடியும்.